ஒன்பதாவது கவனம்

ஹைதராபாத்
3.11.2024

அன்புள்ள அக்கா,

இனி என் போனை எடுக்கமாட்டேன் என்று ஜெயக்குமார் மாமாவிடம் சொல்லியனுப்பிவிட்டாய். கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தாலும் முதலில் கையில் வாங்கியாக வேண்டும் அல்லவா? அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சேத்துப்பட்டில் நடந்ததைப் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஆரணி வாசகர் வட்டத்தில் உன் எண்கவனகத்தை நடத்தக் கேட்டிருக்கிறார்களாம். நீ பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறாய் என்று மாமா சொன்னார். எட்டுப் பேர் எட்டுப் பக்கத்திலிருந்து கேட்பதையும் ஒரே நேரத்தில் மனத்தில் வாங்கிவைத்து, கடைசியில் ஒவ்வொருவருக்கும் பிழையில்லாமல் விடை சொல்கிறவர் இந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அப்பா கற்றுக்கொடுத்ததை நீ விட்டுவிடக் கூடாது.

இத்துடன் ஒரு ஜாடி வரும். நான் நாள் முழுவதும் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கிற பொருள்தான். டைரோசின் என்று பெயர். ஓர் அமினோ அமிலம். புரதத்தை ஒரு பூமாலை என்று வைத்துக்கொண்டால் அதில் கோத்த பூக்களில் இதுவும் ஒன்று. பாலில் இருக்கிறது, முட்டையில் இருக்கிறது, உங்கள் வீட்டுத் தறியில் ஓடுகிற பட்டிழையிலும் இருக்கிறது.

இது என்ன செய்யும்? தீபாவளிக்கு முதல் நாள் ஜவுளிக்கடையை நினைத்துக்கொள். மற்ற நாளில் அலமாரியில் இருக்கும் சரக்கே போதும். அன்றைக்குக் கூட்டம் நெருக்க நெருக்க அலமாரி காலியாகும். குடோனிலிருந்து எடுத்துவந்து அடுக்க வேண்டும். நெருக்கடியில் மூளையும் சில வேதிப்பொருள்களை அப்படித்தான் வேகமாகச் செலவழிக்கிறது. அவற்றைச் செய்ய மூலப்பொருள் டைரோசின். குடோனில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவைக்கிறோம், அவ்வளவுதான்.

தைராய்டுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் தொடாதே. எதற்கும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பி.

தனகோடி அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
அருள்மணி


ஆரணி
11.11.2024

மணிக்கு,

ஜாடி வந்தது. திறக்கவில்லை. அதன்மேல் ஒட்டியிருந்த ஆங்கிலத் தாளில் ஒரு மனிதத் தலையும் அதிலிருந்து கிளம்பும் கதிர்களும் வரைந்திருந்தன. எரிச்சல் வந்தது. உரித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். இப்போது அது வெறும் வெள்ளை ஜாடி. கூடத்து அலமாரியில் இருக்கிறது.

சேத்துப்பட்டைப் பற்றி நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன்.

கல்யாண மண்டபம். நல்ல கூட்டம். ஒருவர் நினைத்த நேரத்தில் மணி அடிக்கிறார், இன்னொருவர் என் முதுகில் பூ எறிகிறார், ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்கிறார், ஒருவர் சம்பந்தமில்லாமல் "உங்க ஊர்ல மழையா?" என்று வம்பு பேசுகிறார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசியில் மணி எத்தனை முறை அடித்தது என்று கேட்டார்கள். நான் ஒரு நொடி நின்றேன். நீ மேடையின் ஓரத்தில் நின்று, மார்புக்கு நேராக விரல்களில் எண்ணிக்கையைக் காட்டினாய். நான் பார்த்தேன். சொன்னேன். கைதட்டினார்கள்.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "அக்கா மூஞ்ச காட்டுது, தம்பி வெரல காட்டுது. நல்லா தொழில் பண்ணிகினு கீறாங்க."

அந்த விடை எனக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அதைத்தான் என்னிடமிருந்து நீ எடுத்துக்கொண்டாய். தவறாகச் சொல்லியிருந்தால்கூட அது என் தவறாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டே நடுவில் நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அன்றைக்கு விரலில் விடை கொடுத்தாய், இன்றைக்கு ஜாடியில் கொடுக்கிறாய்.

இளமதி


ஹைதராபாத்
19.11.2024

அக்கா,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் எல்லா வாக்கியமும் "ஆனால்" என்றே ஆரம்பிக்கிறது. அதனால் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

உன் உதடு நின்றதைப் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் நீ மேடையில் இருக்கும்போது எனக்குப் பயமே இருந்ததில்லை, அன்றைக்கு இருந்தது. கை தானாக உயர்ந்துவிட்டது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இத்தனை வருஷமாக உன் பக்கத்தில் நின்றேன். கேள்வி கேட்பவர்களை வரிசைப்படுத்தினேன், மைக் பிடித்தேன், தண்ணீர் கொடுத்தேன். ஒன்றை மட்டும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் உனக்குள் என்ன நடக்கிறது? எப்படி இருக்கும் அது?

மனமிருந்தால் எழுது.

மணி


ஆரணி
1.12.2024

மணி,

முதலில் ஜாடியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சிரிப்பை அடக்கிக்கொண்டு மற்றதை எழுத முடியாது.

வியாழக்கிழமை அத்தை பாவு பிணைக்க உட்கார்ந்தார்கள். உனக்குத் தெரியும்: தறியில் பழைய பாவு முடியும் இடத்தில் புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று மாறினாலும் புடவை முழுக்கக் கோடு விழும். விரல் வழுக்காமல் இருக்க அவ்வப்போது சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். அன்றைக்குச் சாம்பல் டப்பாவில் தண்ணீர் கொட்டிவிட்டது. அலமாரியில் பெயரில்லாத வெள்ளை ஜாடி. உள்ளே வெள்ளைத் தூள். எடுத்துக்கொண்டார்கள்.

நான் களம்பூர் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது பாவு முழுக்கப் பிணைந்து முடிந்திருந்தது. ஓர் இழைகூட மாறவில்லை. அத்தை கால் நீட்டி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாமா மதி, எங்கம்மா புட்ச்ச இந்தச் சாம்பல? வழுக்கவே இல்ல. மனசு அப்டியே ஊசி மாரி நின்னுச்சு. வேற நெனப்பே வரல."

"அத்தை, அது சாம்பல் இல்ல. மருந்து மாதிரி. மணி அனுப்பினது. மூளை நல்லா வேலை செய்றதுக்கு."

ஜாடியை ஒருமுறை பார்த்தார்கள். கையை ஒருமுறை பார்த்தார்கள். "வெரல்ல தொட்டதுக்கே இவ்ளோ வேல செய்யுதே, வாயில போட்டா இன்னாதான் ஆவும்? உன் தம்பிய இன்னும் ரெண்டு ஜாடி அனுப்பச் சொல்லு. எதிர் வூட்டு ஜெயமும் கேட்டுது. ஜல்தி அனுப்பச் சொல்லு."

அதற்குள் ஜெயம் அக்கா ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். உன் ஆராய்ச்சி ஆரணியில் இப்படிப் பரவிக்கொண்டிருக்கிறது.

இப்போது நீ கேட்டது.

காலையில் நான் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கண்ணை மூடிவிடுவேன். தூக்கம் இல்லை, விழிப்பும் இல்லை. நெல் லாரிக்காக பஸ் ஒதுங்குவது தெரியும். அரிசி ஆலையின் உமி வாசம் ஒருபக்கம் வந்து மறுபக்கம் போவது தெரியும். யாரோ ஏறுகிறார்கள், யாரோ இறங்குகிறார்கள். எதையும் பிடித்துவைக்க மாட்டேன். ஆனால் இறங்கும் இடம் வந்தால் கண் தானாகத் திறக்கும். தினமும் பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. கவனகம் அதேதான்.

அரங்கத்தில் உட்கார்ந்ததும் சத்தமெல்லாம் கொஞ்சம் தூரமாகப் போகும். மணியோசை தண்ணீரில் விழுந்து தண்ணீராகவே ஆகிவிடும். நான் எண்ணுவதில்லை, தண்ணீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று கடைசியில் பார்ப்பேன். முதுகில் விழும் பூக்களுக்கு எடை இல்லை, நிறம் மட்டும் உண்டு. வெண்பாவின் ஈற்றடி வந்தவுடன் எங்கோ ஒரு விளக்கு எரியும். மற்ற அடிகள் அந்த வெளிச்சத்தை நோக்கித் தாமாக நடந்துவரும். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வரவேண்டிய மாயச்சதுரத்தின் எண்கள் சாப்பிட உட்காரும் உறவினர்கள் மாதிரி. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தால் சண்டை வராது என்று அவர்களுக்கே தெரியும். நான் நடுவில் சும்மா இருப்பேன். அந்தச் சும்மா இருப்பதுதான், மணி, என் வாழ்க்கையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம்.

இப்போது அங்கே போக முடியவில்லை. வாசல்வரை போகிறேன். யாரோ என்னைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. விழித்துக்கொள்கிறேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா


ஹைதராபாத்
9.12.2024

அன்புள்ள அக்கா,

ஆய்வகத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன். மேலதிகாரி சுகன்யா மேடம் எட்டிப் பார்த்தார். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் கலந்து கதையைச் சொன்னேன். "இந்த உபயோகத்தை லேபிளில் போட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தையிடம் சொல்: விரலில் தொட்டால் ஒன்றும் ஆகாது. தோல் வழியாக அது மூளைக்குப் போகாது. வழுக்காத தூள் கிடைத்தது, வேலை நன்றாக நடந்தது, நல்ல வேலை மனத்தைப் பிடித்துக்கொண்டது. ஜெயம் அக்காவிடம் கொடுத்த கிண்ணத்தைத் திரும்ப வாங்கிவிடு. சாம்பல் விரல் பட்ட அந்த ஜாடியிலிருந்து நீயும் சாப்பிடாதே. வேறு அனுப்புகிறேன். இந்தத் தடவை தாளை உரிக்காதே.

உனக்கு முன்பு சொன்ன ஜவுளிக்கடை உதாரணத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். விற்கிற கம்பெனியில் வேலை செய்வதால் சொல்லத் தயங்கினேன். டைரோசினை யாருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்? கடுங்குளிரில் நின்றவர்கள், தூங்காமல் வேலை பார்த்தவர்கள், இரைச்சலில் பல வேலைகளை ஒன்றாகச் செய்தவர்கள். அவர்களில் சிலருக்கு ஞாபகமும் கவனமும் அவ்வளவாகச் சரியவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கூட்டமில்லாத நாளில் குடோன் நிறைய இருந்து என்ன பயன்? அது இல்லாத திறமையைக் கொடுக்காது. இருப்பது நெருக்கடியில் கொட்டிப்போகாமல் கொஞ்சம் தாங்கலாம். அந்தக் "கொஞ்சம்" எல்லோருக்கும் ஒரே அளவும் இல்லை.

நீ தூங்கவில்லை என்பதால்தான் அனுப்புகிறேன். தூக்கத்தையே அனுப்ப முடிந்தால் அதைத்தான் அனுப்பியிருப்பேன்.

நீ எழுதிய அந்த இடம். நான் இத்தனை வருஷம் அதன் வாசலில் நின்று மைக் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் எப்படியோ இருக்கிறது.

ஜனவரிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். மேடைக்கு வரமாட்டேன். கடைசி வரிசையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். வரட்டுமா?

மணி


ஆரணி
21.12.2024

அன்புள்ள மணி,

புது ஜாடியை எடுத்துப்போய் டாக்டரிடம் கேட்டேன். நெற்றியைச் சுருக்கி ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்குக் கெடுதல் இல்லை. கொஞ்ச நாள் பாருங்கள்" என்றார்.

தூங்காமல் எழுந்த ஒரு சனிக்கிழமை சாப்பிட்டேன். தண்ணீரில் எவ்வளவு கலக்கியும் கரையாமல் அடியில் தங்கியது. சுவை ஒன்றுமில்லை. அப்புறம் மாமாவை மணி அடிக்கச் சொன்னேன். அத்தை பூ எறிந்தார்கள். பூ கிடைக்காததால் கனகாம்பரத்துக்குப் பதில் வேர்க்கடலை. ஒவ்வொன்றாக எறிந்துவிட்டு, மீதியைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

மருந்தா, சனிக்கிழமையின் நிம்மதியா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தலைக்குள் இருந்த புகை கொஞ்சம் விலகியது. ஆடி மாதக் காற்றில் ஊருக்கு வெளியே திடீரென்று மலை கிட்டத்தில் தெரியுமே, அந்த மாதிரி. அந்தத் தெளிவில் ஒன்றைப் பார்த்தேன்.

மாமா மணி அடித்துக்கொண்டிருக்கும்போது என் கண் கதவோரத்துக்குப் போய்வந்தது. அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போனது. நிறுத்திப் பார்த்தேன். நிற்கவில்லை. எதைத் தேடுகிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு புரிந்தது. உன்னைத்தான்.

உனக்கு நினைவிருக்காது. அப்பா எனக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தபோது நீ நடக்கப் பழகிய குழந்தை. அம்மா தறியில் இருப்பார். "தம்பியப் பாத்துகினே கத்துக்க" என்று உன்னை என்னிடம் விட்டுவிட்டுப் போவார். வாசலில் ஆழமான சாக்கடை. அப்பா மணி அடிப்பார், எண் சொல்வார், செய்யுள் சொல்வார்; நான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே, நீ வாசல் பக்கம் தத்தித் தத்திப் போகிறாயா என்று பார்ப்பேன். நான் கற்றுக்கொண்டது எட்டு இல்லை, ஒன்பது. ஒன்பதாவதுக்கு யாரும் கடைசியில் விடை கேட்டதில்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

சேத்துப்பட்டில் நீ விரலைக் காட்டியபோது கூட்டத்தில் பாதிப் பேர் உன்னைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். நான் திரும்பி உன்னைப் பார்த்ததால்தான் அவர்களும் பார்த்தார்கள். விடை கேட்டதும் திரும்பியது என் தலைதான். உன்மேல் வைத்த கோபத்தில் பாதியை அந்தச் சனிக்கிழமையே திரும்ப எடுத்துக்கொண்டேன். மீதியும் மெதுவாகக் கரைந்துகொண்டிருக்கிறது.

நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். அதனால் ஒன்று கேட்கிறேன். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது.

நீ வர வேண்டாம். கடைசி வரிசையில்கூட வேண்டாம். தூணுக்குப் பின்னால் நீ இருந்தாலும் என் கண் கண்டுபிடித்துவிடும். நீ இல்லாத அரங்கில் அந்தச் சும்மா இருக்கும் இடத்துக்கு என்னால் போக முடிகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். முடியவில்லை என்றால் இதுதான் கடைசி மேடை. மாமாவிடமும் சொல்லிவிட்டேன்.

கோபித்துக்கொள்வாயா?

அக்கா


ஹைதராபாத்
30.12.2024

அக்கா,

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

கோபம் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இரண்டு நாள் இருந்தது. ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் தினமும் டீ குடிக்கிற கடையில் உட்கார்ந்து, நீ எழுதிய சாக்கடையை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அது நினைவில்லை. எனக்கு நினைவிருப்பது வேறு. எந்த ஊர் மண்டபத்துக்குப் போனாலும் நான் ஓடித் திரிவேன். சமையற்கட்டுக்குள் போவேன், மேடைக்கு அடியில் ஒளிந்துகொள்வேன். தொலைந்துபோய்விட்டேன் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மற்றக் குழந்தைகள் அழுவதைப் பார்த்து ஏன் அழுகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். இப்போதுதான் காரணம் தெரிகிறது.

தூங்கினால் தூள் வேண்டாம். தூங்காவிட்டால் கொஞ்சம் எடுத்துக்கொள். இரண்டும் உன் விருப்பம். நான் அன்றைக்கு போன் செய்யமாட்டேன்.

நன்றாகப் போய்வா.

மணி


ஆரணி
15.1.2025

அன்புள்ள மணி,

பொங்கல் வேலை முடிந்து இன்றைக்குத்தான் பேனா எடுத்தேன்.

உனக்கு அந்தக் கடிதம் எழுதிப் போட்ட இரவிலிருந்து தூக்கம் வந்துவிட்டது. அதனால் ஜாடி அலமாரியிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபத்துக்குப் போகும்போது இட்லி, காப்பி தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. அத்தை மட்டும் கிளம்பும்போது ஜாடியைத் திறந்து என் ஆள்காட்டி விரலில் ஒரு சிட்டிகை தடவிவிட்டார்கள். "வெரல்ல இருக்கட்டும். யாருக்கு இன்னா நஷ்டம்?"

வாசகர் வட்டத்தின் எழிலரசன் சார் எல்லோரையும் அறிமுகப்படுத்தினார். அடிப்பதற்குப் பித்தளை மணி. அடிப்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நல்ல நிதானம். உட்கார்ந்தேன். சத்தமெல்லாம் மெல்லத் தூரமாகப் போனது. வாசல் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை. உள்ளே போனேன்.

அதே இடம், மணி. தண்ணீர் இருந்தது. யாரோ ஒருவர் பட்டு விலை எப்போது இறங்கும் என்று வம்புக்குக் கேட்டார். நான் ஏதோ சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் ஒரு காற்றாக வந்து போனது. பூக்கள் நிறமாக விழுந்தன. வெண்பா நடந்துவந்தது. பழைய பயம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு இங்கே இடமில்லை என்று தெரிந்த விருந்தாளி மாதிரி போய்விட்டது.

ஓரிடத்தில் மட்டும் கண் திறந்துகொண்டது. மேடையின் ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு காலி நாற்காலி, அதன்மேல் யாருடையதோ குடை. கண் அங்கேயே நின்றது. பிறகு நாற்காலியைத் தாண்டி, சுவரைத் தாண்டி, எங்கோ போனது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது ஒருமுறை மணி அடித்து ஓய்ந்திருந்தது, அதன் ரீங்காரம் மட்டும் மிச்சமிருந்தது.

கடைசியில் விடை சொல்லும் நேரம் வந்தது. ஏழுக்கும் சொன்னேன். ஏழும் சரி. எழிலரசன் சார் மைக்கில் கேட்டார், "மணியோசை எத்தனை முறை?"

முன்வரிசையில் அத்தை. முந்தானைக்கு மேலே கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து, மறுபடி மூடி, மறுபடி விரித்து, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஊருக்கே தெரிகிற மாதிரி காட்டுகிறார்கள்! பக்கத்தில் ஜெயம் அக்கா, "தனகோடி, கைய எறக்கு! அது தப்புக் கணக்கு!" என்று தன் கையைத் தூக்கி வேறொன்றைக் காட்டுகிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீரைப் பார்த்தேன். அது எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் நடுவில் நான் அங்கே இல்லாதபோது விழுந்ததை அது காட்டவில்லை.

"தெரியாது," என்றேன். "நடுவில் கொஞ்ச நேரம் நான் இங்கே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் கேட்டதைச் சொல்ல முடியும். மொத்தம் எனக்குத் தெரியாது."

மேடையில் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல்முறை. சொன்னதும் எதுவும் இடிந்து விழவில்லை. தபால்காரர்தான் முதலில் தட்டினார். பிறகு எல்லோரும். அது ஏழுக்காகத் தட்டியதா, அந்த ஒன்றுக்காகவா என்று நான் கேட்கவில்லை. செய்யாற்றில் பிப்ரவரியில் ஒரு நிகழ்ச்சிக்கு வரச் சொல்லி அங்கேயே கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு நீ வா. முன்வரிசையில் உட்கார். என் கண் வந்து போகட்டும். அதனால் ஒன்று தவறினால் தவறட்டும். அது இல்லாமல் எனக்குக் கவனகம் வராது என்று தெரிந்துவிட்டது. உன்னைப் பார்த்துக்கொண்டேதானே நான் இதைக் கற்றேன்?

ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம். நாற்காலியையும் சுவரையும் தாண்டி என் மனம் உன்னைத் தேடி வந்ததே, அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? யோசித்து எழுது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட விடை அதுதான்.

அக்கா


ஹைதராபாத்
23.1.2025

அன்புள்ள அக்கா,

யோசிக்கவே வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் செய்யமாட்டேன் என்று எழுதியிருந்தேன். அதனால் போனை அலமாரிக்குள் வைத்துவிட்டு, குக்கரில் அரிசி வைத்தேன். மூன்று விசிலுக்கு அடுப்பை அணைக்க வேண்டும். சமையற்கட்டு ஜன்னலுக்கு வெளியே வானம் ஆரஞ்சு நிறமாக இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அக்கா உட்கார்ந்திருப்பாள், இப்போது மணி அடிக்கும் என்று நினைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

விசில் வந்தது. இன்னொன்று வந்தது. அதற்கப்புறம் எத்தனை வந்தது என்று எனக்குத் தெரியாது.

சோறு குழைந்துவிட்டது. மோர் ஊற்றிக் குடித்தேன். நன்றாக இருந்தது.

மணி